உள்ளேயா, தனியாகவா

"கதவைச் சாத்திக்கலாமாண்ணே?" என்று கேட்டாள் முஹ்சினா.

செல்லப்பா தலையாட்டினார்.

கொச்சி மட்டாஞ்சேரியில் இருக்கும் அவருடைய ஆடியோ கடையின் பின்பக்கம், வாங்குமுன் பாட்டுக் கேட்டுப் பார்ப்பதற்கென்றே ஒரு சின்ன அறை உண்டு. சுவரெல்லாம் பஞ்சு வைத்துத் தைத்த துணி. கதவைச் சாத்திவிட்டால் உள்ளே பாடுவது வெளியே வராது. வெளியே போகும் லாரியின் ஹாரன் உள்ளே போகாது.

முஹ்சினாவும் அவள் கணவன் ஆஸிமும் கொஞ்ச நாளாக ஞாயிறுதோறும் வருகிறார்கள். வாங்க நினைப்பது ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர், ஒரு ஜோடி ஸ்பீக்கர். ஃபோனில் வெறும் எண்களாகக் கிடக்கும் பாட்டைக் காதில் விழும் ஒலியாக மாற்றித் தரும் டாக், அந்த ஆம்ப்ளிஃபையருக்குள்ளேயே இருக்கிறது. அது போதுமா, இல்லை தனிப்பெட்டியாக ஒரு டாக் வாங்கி வைத்தால்தான் நன்றாக இருக்குமா?

அதுதான் தீராத சந்தேகம்.

போன வாரம் வெளியே வந்ததும் ஆஸிம் தனிப்பெட்டி என்றான், அவள் உள்ளே இருப்பதே போதும் என்றாள். அதற்கு முந்தின வாரம் அவள் தனிப்பெட்டி என்றாள், அவன் யோசித்துச் சொல்கிறேன் என்றான்.

செல்லப்பாவிடம் கேட்டால் ஒரே பதில்தான். "அவசரப்படாதீங்க. அடுத்த வாரம் வேற பாட்டு வச்சுக் கேட்டுப் பாருங்க."

இன்று அவர்கள் உள்ளே போய் வெகுநேரம் ஆகிவிட்டது.

காக்கநாட்டிலிருந்து காரில் வந்த ஒருவர் கடையில் காத்துக்கொண்டிருந்தார். ஹாலுக்குப் பெரிய செட்டாக வேண்டுமாம். கேட்டுப் பார்த்துவிட்டு இன்றைக்கே எடுத்துப் போக வந்திருந்தார். அப்படி ஒருவர் கடைக்குள் வந்து எத்தனையோ நாளாகிவிட்டது.

"சேட்டா, இனியும் லேட் ஆகுமோ?"

செல்லப்பா எழுந்து போய் அறைக் கதவை மெல்லத் திறந்தார்.

உள்ளே பாட்டே இல்லை.

ஆம்ப்ளிஃபையரிலும் தனிப்பெட்டியிலும் விளக்கு எரியவில்லை. காலையில் கூட்டும்போது அவரே பிடுங்கிய பிளக் தரையில் அப்படியே கிடந்தது. மறுபடி மாட்ட மறந்திருக்கிறார். உள்ளே இருந்தவர்கள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

நாற்காலியை விட்டுவிட்டு இருவரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள், கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. ஆஸிமின் கை அவள் கையைப் பிடித்திருந்தது.

"உம்மாகிட்ட நானே சொல்றேன் மச்சான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள் முஹ்சினா. "நீங்க சொன்னா அழுதுருவாங்க."

செல்லப்பா கதவைச் சத்தமில்லாமல் மூடினார்.

அவர்கள் வீட்டுக்கு ஒருமுறை டிவி மாட்டப் போயிருக்கிறார். ஹாலில் வாப்பாவும் உம்மாவும். ஒரு அறையில் ஆஸிமின் அண்ணனும் மைனியும். இன்னொரு அறையில் இவர்கள், கூடவே அண்ணன் பிள்ளைகள். பாசமான வீடுதான். அவருக்கே கப்பைக் கிழங்கும் மீன்கறியும் வைத்து, சாப்பிடாமல் போகக்கூடாது என்று உட்கார வைத்தார்கள். ஆனால் புருஷனும் பெண்டாட்டியும் ஒரு வார்த்தை தனியாகப் பேச அங்கே இடம் கிடையாது.

கல்யாணமான புதிதில் செல்லப்பாவும் அவர் மனைவி ரோஜாவும் மாமா வீட்டில் இருந்தார்கள். பேச வேண்டுமென்றால் காயலைத் தாண்டிப் போகும் எர்ணாகுளம் போட்டில் ஏறுவார்கள். அங்கே போய்ச் சேர்ந்ததும் ஒரு காரியமும் இல்லாமல் அடுத்த போட்டில் திரும்பி வருவார்கள்.

அவர் கடைக்கு வந்தார்.

"அவங்க இன்னும் கேட்டு முடிக்கல சாரே. ஒரு சாயா குடிச்சிட்டு வாங்களேன்."

வந்தவருக்கு முகம் சுண்டிப்போனது. "பின்னே ஒரு நாள் வராம்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். கார் கிளம்பும் சத்தம் கேட்டது. செல்லப்பா கொஞ்ச நேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துணியை எடுத்து, தூசியே இல்லாத ஒரு ஸ்பீக்கரைத் துடைக்க ஆரம்பித்தார்.

கதவு திறந்தது. அழுது துடைத்த கண்கள் முஹ்சினாவுக்கு. ஆனால் முகம் தெளிவாக இருந்தது.

"தனியா தான்னு முடிவு பண்ணிட்டோம்ணே" என்றான் ஆஸிம்.

செல்லப்பாவின் கை அலமாரியிலிருந்த தனிப்பெட்டியை நோக்கிப் போனது.

முஹ்சினா சிரித்துவிட்டாள். "அது இல்லண்ணே. வீடு. தோப்பும்படில ஒரு ரூமும் அடுக்களையும் பார்த்து வச்சிருக்கோம். இன்னிக்குதான் வீட்ல சொல்லப் போறோம்." அவள் ஆஸிமைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "பக்கம்தானே. உம்மா நெனச்ச நேரம் வந்துரலாம்."

"நல்லா இருங்க" என்றார் செல்லப்பா.

"அந்தச் சின்ன ரூமுக்கு எதுண்ணே சரி? உண்மையச் சொல்லுங்க."

"உள்ள இருக்கறதே தாராளம். அந்த ஸ்பீக்கருக்குத் தனிப்பெட்டி வச்சாலும் உங்க காதுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது."

ஆஸிம் திகைத்துப்போனான். "இத மொத வாரமே சொல்லியிருக்கலாமேண்ணே!"

"சொல்லியிருந்தா அடுத்த வாரம் எதுக்கு வருவீங்க?"

வியாபாரி பேச்சு என்று ஆஸிம் விழுந்து விழுந்து சிரித்தான்.

முஹ்சினா சிரிக்கவில்லை. செல்லப்பாவையே பார்த்தாள். ஒவ்வொரு ஞாயிறும் அவர் சொன்ன அந்த ஒரே பதில் அவளுக்கு இப்போதுதான் புரிந்தது.

முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, "வீடு மாறினதும் மொதல்ல நீங்கதான் வரணும்ணே" என்றாள். "ரோஜா மைனியையும் கூட்டிட்டு. தீர்ச்சயா, கண்டிப்பா வரணும்."