ரத்தினவேல், முனிர்கா

"தொழில் கேள்வி பதில் பக்கத்தை நிறுத்திடுங்க அங்கிள். அதுல அவர் எழுதறதெல்லாம் பொய்."

மாசிலாமணி கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். டெல்லி ஆர்.கே.புரம் தமிழர்கள் சேர்ந்து நடத்தும் மாதப் பத்திரிகைக்கு அவர்தான் ஆசிரியர். எதிரே ஸ்கூல் யூனிஃபார்மோடு நின்றவள் இந்திராணி. பதினேழு வயது. அந்தப் பக்கத்தை எழுதும் நல்லசிவத்தின் ஒரே பெண்.

"உக்காரும்மா. அப்பாவோட சண்டையா?"

"சண்டை போடணும்னாலும் பேசணுமே அங்கிள்."

உண்மைதான். அம்மாவுக்குக் கடலூரில் டீச்சர் வேலை. டெல்லிக்குக் கோடை லீவில் மட்டும் வருவாள். மற்ற மாதங்களில் அந்த அரசாங்கக் குவார்ட்டர்ஸில் அப்பாவும் பெண்ணும்தான்.

போன வருஷம் பதினொன்றாம் வகுப்பில் சேரும்போது இந்திராணி சொன்னாள்: "நான் காமர்ஸ் எடுத்துக்கறேன். படிச்சு முடிச்சதும் சொந்தமா தொழில் பண்ணப் போறேன்."

"தொழிலா? நம்ம வீட்டுல யாரு பண்ணியிருக்கா? பேங்க் பரீட்சை எழுதற வழியைப் பாரு."

இவள் கத்தினாள். அவர் பதிலுக்குக் கத்தவில்லை. பேச்சைக் குறைத்துக்கொண்டார். இவளும் குறைத்துக்கொண்டாள். அப்புறம் எப்படித் திரும்ப ஆரம்பிப்பது என்று இரண்டு பேருக்கும் தெரியாமல் போனது.

"கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கோ."

"ம்."

"சாதம் வடிச்சு வெச்சிருக்கேன்."

"ம்."

ஒரு நாளைக்கு அவ்வளவுதான். பள்ளியிலும் அவளுக்கு யாரும் இல்லை. தொழில் என்று வாயைத் திறந்தாலே, "துகான் கோலேகீ க்யா?" என்று சிரித்தார்கள். கடை வைக்கப் போகிறாயா என்று.

அந்தச் சமயத்தில்தான் பத்திரிகையில் புதிதாக ஒரு பக்கம் வந்தது. 'தொழில் செய்ய ஆசைப்படும் இளைஞர்களே, தயங்காமல் கேளுங்கள். பதில் சொல்கிறேன் - நல்லசிவம்.'

சிறுதொழில் சம்பந்தப்பட்ட ஆபீஸில் அவருக்கு வேலை. விஷயம் தெரிந்தவர். ஆனால் ஊர்ப் பிள்ளைகளைத் தயங்காதே என்கிறவர், வீட்டில் என்ன சொன்னார்?

இந்திராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பத்திரிகையைத் தூக்கி எறிந்தாள். ஒரு மணி நேரம் கழித்து அவளே போய் எடுத்து வந்தாள். நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள்.

'முனிர்காவில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் தமிழ் மாணவர்களுக்கு இட்லி மாவு அரைத்து விற்கலாம் என்று நினைக்கிறேன். முதலில் யாரிடம் விற்பது? - ரத்தினவேல், முனிர்கா.'

அடுத்த மாதமே பதில் வந்துவிட்டது.

'தம்பி ரத்தினவேல், நல்ல யோசனை. தெரிந்தவர்களிடம் முதலில் விற்காதே. மாவு புளித்துப் போயிருந்தாலும் உன் முகத்துக்காக நன்றாக இருக்கிறது என்பார்கள். தெரியாத நாலு பேரிடம் கொடு. அவர்கள் திட்டுவதை அப்படியே எழுதி வைத்துக்கொள்.'

எத்தனை தடவை படித்தாள் என்று அவளுக்கே தெரியாது.

அதற்குப் பிறகு மாதம் ஒரு கடிதம். கிரைண்டர் வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா? வாடிக்கையாளர் கோபப்பட்டால் என்ன செய்வது? எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் வந்தது. கூடத்தில் அப்பா ரேடியோவில் செய்தி கேட்டுக்கொண்டிருப்பார். உள்ளறையில் இவள் அவருடைய எழுத்தைப் படித்துக்கொண்டிருப்பாள். நடுவில் ஒரு சுவர்.

போன மாதம் துணிந்து ஒன்று கேட்டாள். 'என் அப்பாவுக்கு நான் தொழில் செய்வது பிடிக்கவில்லை. என்னோடு பேசுவதும் இல்லை. நான் என்ன செய்ய?'

இன்று காலை வந்த இதழில் பதில் இருந்தது. 'தம்பி, உன் அப்பாவுக்குக் கோபம் இருக்காது. பயமாக இருக்கலாம். தோற்றுப்போனால் நீ தாங்குவாயா என்று. அவரை மன்னித்துவிடு.'

அதைப் படித்ததும்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஸ்கூலிலிருந்து நேராக இங்கே வந்துவிட்டாள்.

"நான்தான் அங்கிள் அந்த ரத்தினவேல்" என்றாள். "எவனோ ஒருத்தன்னா இவ்வளவு அன்பா எழுதறார். அதுல ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லக் கூடாதா? ஊருக்கு ஒரு முகம், வீட்டுக்கு ஒரு முகம். இவரைப் போய் மத்த பிள்ளைங்க நம்பறாங்களே."

மாசிலாமணி எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"அந்தப் பக்கத்துக்கு இதுவரைக்கும் வந்த லெட்டர் மொத்தமும் இதுதாம்மா."

திறந்தாள். பதினோரு கடிதங்கள். பதினொன்றும் அவள் எழுதியவை.

"மயூர் விஹார் லீலாவதி, கரோல் பாக்ல ஒருத்தர்னு நிறைய பேர் கேட்டிருந்தாங்களே?"

"அதெல்லாம் உங்கப்பாவே எழுதிக்கறது. மாசாமாசம் ஒரே பேர் வந்தா சந்தேகம் வந்துடுமாம்."

"யாருக்கு?"

மாசிலாமணி ஃபைலை மெதுவாக மூடினார்.

"ஒரே ஒருத்தர்தான் எழுதறாங்க, நிறுத்திடலாம்னு ரெண்டாவது மாசமே சொன்னேன். 'வேண்டாம் சார், அது என் பொண்ணு கையெழுத்து. அவ என்கிட்ட பேசற இடம் அது ஒண்ணுதான்'னு கண்ணு கலங்கிட்டார்."