மெழுகு ஒட்டிய சுவர்

முந்தைய போரில் மதலேனாவின் கணவனையும் ஊர் ஆண்களையும் எதிரிப்படை நிறுத்திவைத்துச் சுட்டது அந்தச் சுவரில்தான். ஒவ்வொரு நினைவுநாளிலும் அவன் நெஞ்சைத் துளைத்த குண்டு சுவரில் போட்ட ஓட்டைக்குள் அவள் ஒரு மெழுகுதிரியைச் செருகி ஏற்றுவாள். பிறகு இந்தப் போரில் ஊரைப் பிடித்த அதே எதிரிப்படை ஓட்டைகளையெல்லாம் சிமெந்தால் பூசி, இங்கே யாரும் சாகவில்லை என்று பலகையும் நட்டது. அவளோ அந்தப் பூச்சின் மேலேயே, அதே இடத்தில், மெழுகை உருக்கி ஒட்டினாள்.

நேற்று அவளுடைய பக்கத்துப் படை ஊரை மீட்டது. விடிந்ததும் அதன் கப்டன் கேமராக்காரர்களோடு வந்துவிட்டான்.

"அம்மா, ஓட்டை எந்த உயரத்தில இருந்தது? உலகத்துக்குக் காட்டவேணும்."

அவள் மெழுகுக் கறையைத் தொட்டுக் காட்டிவிட்டு விலகினாள். சிப்பாய்கள் அதே உயரத்தில் சுவர் நெடுகச் சுட்டார்கள். சிமெந்தும் மெழுகும் தெறித்து அவள் முகத்தில் அடித்தன. சுவர் பழையபடி ஆகிவிட்டது.

கப்டனுக்குத் திருப்தியில்லை. "வெறும் சுவர் காணாது. ஆக்களைக் கொண்டாங்கோ."

லொறியிலிருந்து கைதிகளை இழுத்து இறக்கினார்கள். எதிரிப்படைச் சிப்பாய்கள். ஒருவனுக்குக் காதிலிருந்து ரத்தம் வடிந்தது. சுவரோடு தள்ளி நிறுத்தியபோது அவனுடைய நெஞ்சு அவள் காட்டிய ஓட்டையைச் சரியாக மறைத்தது.

"இவங்களை ஏன் தம்பி நிப்பாட்டிறியள்?"

"சும்மா, படத்துக்குத்தான் அம்மா."

"அண்டைக்கும் படமெடுக்க எண்டு சொல்லித்தான் நிப்பாட்டினவங்கள்" என்றாள் மதலேனா.

கப்டன் கேமராவை அணைக்கச் சொன்னான். சிப்பாய்கள் துப்பாக்கிகளில் மறுபடியும் ரவை நிரப்பினார்கள்.