எடுக்காத செக்போஸ்ட்

"உங்கம்மா வீட்டுக்குப் போக முடியாது டெபோரா. ஊத்துக்கோட்டை செக்போஸ்ட் இன்னும் எடுக்கலையாம்" என்றான் கிளமென்ட், மனைவியின் முகத்தைப் பார்க்காமல்.

டெபோராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பொய்! அங்கேர்ந்து எங்க ஆஸ்பத்திரிக்கு ஜனங்க ஆட்டோலயே வந்துக்கினு இருக்காங்க. லாக்டவுன் முடிஞ்சாலும் எங்கம்மாவ நான் பாக்கக்கூடாது, அதானே உங்களுக்கு?"



ஈஸ்டருக்கு அம்மாவுக்கென்று எடுத்து, கொடுக்க முடியாமலே கிடந்த புடவையைப் பையில் திணித்துக்கொண்டு, ஆந்திரப் பக்கத்து வரதய்யபாளையத்தில் ஷேர் ஆட்டோ ஏறினாள்.

தமிழ்நாட்டு எல்லையில் தடுப்புக் கட்டைகள் ஓரமாகக் கிடந்தன. போலீஸ் ஒருவர்கூட இல்லை. இத்தனை நாளாக ஏமாற்றியிருக்கிறான்! இனி அந்த ஆளோடு பேச்சே கிடையாது.

அம்மா வீட்டு கேட்டில் கை வைத்தவள், ஜன்னல் வழியே கேட்ட அம்மாவின் குரலில் அப்படியே நின்றாள்.

"என்ன மாப்ள, கெளம்பிட்டாளா? செக்போஸ்ட் எடுக்கலன்னே சொல்லிக்கினு இருங்கன்னு எத்தினி வாட்டி சொன்னேன்! கொரோனா வார்டுல வேலை செய்றவ. வந்துட்டுப் போனா தெருவுல எங்களை யாரு சேப்பாங்க? சரி வையுங்க, நானே பேசிக்கிறேன்."

டெபோராவின் கைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துக் காதில் வைத்தாள்.

"கண்ணு, உன்னப் பாக்காம எனக்குச் சோறே எறங்கல. என்ன பண்றது, பார்டர்ல இன்னும் விட மாட்றாங்களாமே! திரும்பிப் போயிடும்மா."

அம்மாவின் குரல் போனிலும் ஜன்னலிலும் ஒன்றாகக் கேட்டது.