நலங்குக்கு வந்தவள்

கோலசிலாங்கூர் பொது மண்டபத்தில் ஞாயிறு மாலை நாட்டுப்புறப் பாட்டு வகுப்பு நடக்கிறது. விசிறிகள் கிறீச்சிடுகின்றன, வெளியே செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று ஜன்னல் கண்ணாடியை அதிரவைத்துப் போகிறது. ரவாங்கிலிருந்து வந்து சொல்லிக்கொடுக்கும் நித்தியா, இன்றைக்கு ஒப்பாரி என்கிறாள். அதிலும் புருஷனை இழந்தவள் அழுது பாடும் பாட்டு. வட்டமாக உட்கார்ந்திருக்கும் பெண்கள் குனிந்துகொள்கிறார்கள். "நான் மாட்டேன்லா. எங்க வீட்டுக்காரரு இப்பதான் கிள்ளானுக்கு லோரி எடுத்துட்டுப் போயிருக்காரு" என்கிறாள் தனேஸ்வரி. எல்லாரும் சிரிக்கிறார்கள். சிரித்த கண்கள் ஒவ்வொன்றாகத் திலகத்தின் வெறும் நெற்றிக்கு வருகின்றன. "திலகம் அக்கா பாடட்டுமே. அவங்களுக்கு இனிமே என்ன?" என்கிறாள் தனேஸ்வரியே. தை மாதம் மகள் கல்யாணத்தில் நலங்கு பாட வேண்டும் என்றுதான் திலகம் இந்த வகுப்பில் சேர்ந்தாள். அதை முதல் நாளே எல்லாரிடமும் சொல்லியும் இருக்கிறாள். இருந்தும் ஒப்பாரியைப் பாடுகிறாள். தனேஸ்வரியின் விரல்கள் தாலியைத் தேடிப் பிடித்துக்கொள்கின்றன. பக்கத்து நாற்காலி ஒரு சாண் நகர்கிறது. பாட்டு முடிந்ததும் பலத்த கைத்தட்டல். "சூப்பர்க்கா! வகுப்பு முடிஞ்சு நாம போடுற நிகழ்ச்சியில, ஸ்டேஜ்லயும் இத நீங்கதான் பாடணும்" என்கிறாள் நித்தியா. அடுத்தது நலங்கு. பெண்கள் எழுந்து சந்தனக் கிண்ணத்தைச் சுற்றி நிற்கிறார்கள். திலகமும் எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு அருகில் வருகிறாள். தனேஸ்வரி அவள் தோளை மெல்லத் தொட்டு, தன் கைப்பேசியை அவள் கையில் வைக்கிறாள். "நீங்க வீடியோ எடுங்கக்கா." திலகம் கைப்பேசியை உயர்த்திப் பிடிக்கிறாள். திரையில் எல்லாரும் அடங்கும்படி ஓரடி பின்னால் போகிறாள்.