மச்சான் தலையில் மேல் 'ச'

லிஃப்ட் மெக்கானிக் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். எதிரே மூன்று வருஷமாக அவர் கட்டிய சிந்தசைசர், மின்சாரத்தில் ஸ்வரம் எழுப்பும் பெட்டி. அதில் செருகிய ஒயரின் மறுமுனையில், தோட்ட விளக்கிலிருந்து கழற்றிய சோலார் தகடு. வெயில் ஏறினால் வோல்ட் ஏறும், வோல்ட் ஏறினால் ஸ்வரம் ஏறும். சரியாக ஒரு வோல்ட் ஏறினால் கீழ் 'ச' மேல் 'ச' ஆகும். இன்று ஆகாவிட்டால் பெட்டி பழைய இரும்புக்கு என்று மனைவியிடம் ஒப்புக்கொண்டாயிற்று. தூக்கிப்போக அவள் அண்ணன் கோணிப்பையோடு வந்தாயிற்று. சன்னல் வெயில் தகட்டில் விழ, பெட்டி முனகிக்கொண்டே ஏறி, 'நி'யில் வந்து சண்டி மாடாக நிற்கிறது. "அவ்வளவுதானா மாப்ளே? எங்க வீட்டுக் கதவு இதைவிட நல்லா பாடுமே!" மச்சான் ஒயரைப் பிடுங்க மண்டியிட்டுக் குனிகிறார். எண்ணெய் தடவிய அவர் வழுக்கையில் பட்ட வெயில் துள்ளித் தகட்டில் விழுகிறது. 'நி' நெளிகிறது, எழும்புகிறது. மேல் 'ச' அறை முழுக்க நிறைந்து சன்னல் கண்ணாடிகள் கிணுகிணுக்கின்றன. "மச்சான், அசையாதீங்க!" மெக்கானிக்கின் குரலும் அதே சுருதியில் வருகிறது. "எவ்வளவு நேரம்டா?" என்று குனிந்தபடியே மச்சான் முனகுகிறார். மனைவி கோணிப்பையை நாலாக மடித்து அண்ணனின் முழங்காலுக்குக் கீழே வைக்கிறாள். "சும்மா இருண்ணே, இப்பதான் சுருதி சேர்ந்திருக்கு!"