பின் இருக்கையின் இடது ஓரம்

ஒரு பழைய மாடல் காரில் எதெல்லாம் ஒரிஜினல், எதெல்லாம் பிற்பாடு மாட்டியது என்று சொல்லும் கையேட்டை டேவிட்சன் புதுப்பித்துக்கொண்டிருந்தார். அட்டையில் வரப்போவது அவருடைய சொந்தக் கார். அதே மாடல் வைத்திருப்பவர்கள் பல ஊர்களிலிருந்து வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார்கள். விளக்கு, கைப்பிடி எல்லாம் ஒத்துப்போயின. ஒன்று மட்டும் அவருக்கு உறுத்தியது. யார் அனுப்பிய படமானாலும் பின் இருக்கையின் இடது ஓரம், ஆள் உட்கார்ந்திருப்பதுபோல் அமுங்கியிருந்தது.

திருச்செந்தூரில் அதே கார் வைத்திருக்கும் செந்தில்வேலுக்குப் போன் போட்டார்.

"அது ஒரிஜினல்தான் அண்ணாச்சி. வண்டி வரும்போதே அப்படித்தான். அங்கன யாரும் உக்கார மாட்டோம். புக்குல போட்டுருங்க."

டேவிட்சன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். "என் வண்டியில ஒரு ஓரம் தொய்ஞ்சி கெடக்கேன்னு போன மாசம்தான் புது சீட்டு போட்டேன், தம்பி."

டேவிட்சன் வீட்டுக்குப் பக்கத்துத் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதி ஓய்ந்தது.

"பழைய சீட்ட என்ன செஞ்சிய?"

"கிழிச்சி எறிஞ்சாச்சு."

"அப்போ அது எங்கன போயி உக்காரும் அண்ணாச்சி?"

கட்டிலில் உட்கார்ந்திருந்த டேவிட்சன் நிமிர்ந்து பார்த்தார். மனைவி ஜெப்ஸி அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். வீட்டில் வேறு யாருமில்லை. எதிரே கிடந்த சோபாவின் இடது ஓரம் அமுங்கியிருந்தது. அவர் பார்க்கப் பார்க்க, அது மெல்ல எழும்பிச் சமமானது.

பிறகு அவர் உட்கார்ந்திருந்த கட்டிலில், அவருக்கு இடப்பக்கம், மெத்தை அமுங்கியது.