சுவர் ஏறிய கொடி

என் வீட்டுக்காரர் ஸ்டூலில் ஏறி நின்று கத்தரிக்கோலை நீட்டியபோது, சம்பந்தி கீழே தட்டை ஏந்திக்கொண்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

தட்டைக் கையில் கொடுத்ததும் என் வீட்டுக்காரர்தான். பழம் கொடியிலிருந்து நேராகத் தட்டில் இறங்க வேண்டுமாம். நடுவில் யார் கையும் படக்கூடாதாம்.

பந்தல் முழுக்கக் காகிதப் பைகள் தொங்கின. ஒவ்வொன்றிலும் சர்வே எண் எழுதியிருந்தார். வேலையில் இருந்தவரை ஊரார் நிலத்தையெல்லாம் அளந்து தள்ளிய சர்வேயர். ஓய்வுபெற்ற பிறகு அவருக்கு அளக்க மிஞ்சியது இந்த ஒரு கொடிதான்.

கொடி லேசுப்பட்டதில்லை. என் மாமனார் வைத்த பன்னீர்த் திராட்சையிலிருந்து குச்சி வெட்டி நட்டது. கடையில் விற்பது வெறும் தண்ணீர், இது பழுத்தால் தெருவே மணக்கும் என்று பெண் பார்க்க வந்த அன்றே சம்பந்தியிடம் சவடால் விட்டிருந்தார். சம்பந்தியும் லேசுப்பட்டவரில்லை. போன் செய்யும்போதெல்லாம் மருமகளை விசாரிப்பதற்கு முன்னால் பழத்தை விசாரித்தார்.

பூ விட்டவுடனேயே பை மாட்டியாகிவிட்டது.

காய் பிடிக்கட்டும், அப்புறம் மாட்டலாம் என்றேன். அணிலுக்கு வக்காலத்து வாங்காதே என்றார். காற்றுகூடப் புகாதபடி சுற்றி டேப் ஒட்டினார். அதன்பிறகு பையைத் திறந்து பார்க்க வீட்டில் யாருக்கும் அனுமதி இல்லை, அவர் உட்பட.

ஒரே ஒரு கிளைக்கு மட்டும் பை கிடையாது. அது சுவர் ஏறி அந்தப் பக்கம் இறங்கிவிட்டது.

அந்தப் பக்கம் அவருடைய அண்ணனும் என் ஓரகத்தியும் இருக்கும் வீடு.

பாகம் பிரித்தபோது கையகல இடத்துக்குச் சண்டை. கடைசியில் இவரே டேப் பிடித்து அளந்து சுவர் எழுப்பினார். அந்தப் பக்கம் எது போய் விழுந்தாலும் அது அவர்களுடையது, அதன்மேல் என் கை நீளாது என்று தெரு கேட்கத் தீர்ப்பும் சொன்னார். மாமனாரின் தாய்க்கொடி அந்தச் சுவருக்கு அஸ்திவாரம் தோண்டியதோடு போயிற்று. அண்ணன் தம்பிப் பேச்சும் அதோடு போயிற்று.

அடுத்த வாரம் மகளுக்குக் கல்யாணம். பெரியப்பாவைக் கூப்பிடாமல் நான் மணையில் உட்கார மாட்டேன் என்று அவள் அழுதே பார்த்துவிட்டாள். இவர் அசைந்து கொடுக்கவில்லை.

முதல் பையைக் கிழித்தார்.

உள்ளே ஒரு காய்ந்த காம்பு.

இரண்டாவதில் பூசணம்.

மூன்றாவதைக் கிழிக்கும்போது அவருடைய காது சிவந்துவிட்டது. சம்பந்தி தட்டை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். நல்ல மனிதர். அவர் மனைவி அப்படி இல்லை. மூக்கை நன்றாக உறிஞ்சிவிட்டு, வாசனை சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிற மாதிரி இருக்கிறதே என்றார்.

வாசனை வந்தது உண்மை. சில நாட்களாகவே வீடு கமகமத்தது. அதை நம்பித்தான் இவர் அவர்களை வரவழைத்தார்.

அப்போது சுவருக்கு மேலே அண்ணனின் தலை முளைத்தது. அவரும் ஒரு ஸ்டூலில்தான் நின்றிருக்க வேண்டும். இந்தக் குடும்பத்தில் சுவரைவிட உயரமானவர் யாருமில்லை. இஸ்திரி போட்ட சட்டை. கையில் பெரிய தட்டு. தட்டு நிறையக் கருநீலக் கொத்துகள்.

"எல்லை தாண்டினது எங்களோடதுன்னு நீதானே அளந்து சொன்ன? எங்க வீட்டுப் பழத்தை உன் சம்பந்திக்குக் குடுக்கறதுல உனக்கு ஏதும் ஆட்சேபணை உண்டா?"

இவர் சர்வேயர் ஆயிற்றே. தான் போட்ட எல்லையைத் தானே தப்பு என்று எப்படிச் சொல்வார்? ஸ்டூலைச் சுவரோரம் நகர்த்தி ஏறினார். ஒரு பழத்தைப் பிய்த்து வாயில் போட்டார். தோலையும் துப்பவில்லை, விதையையும் துப்பவில்லை. கண் கலங்கிவிட்டது.

ரொம்பப் புளிப்போ என்று கேட்டார் சம்பந்தியம்மாள்.

"சுவத்து மேல நின்னுதான் குடுக்கணுமாண்ணே?" என்றார் என் வீட்டுக்காரர். "வாசல் வழியா வாங்க."

அண்ணன் வந்து சேர எத்தனை நேரம் ஆகிவிடப்போகிறது? செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் வந்தார். மகள் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கொத்துகள் பாதி காலியாவதற்குள், கல்யாணத்தன்று வாசலில் நின்று வரவேற்பது யார் என்று அண்ணனும் தம்பியும் பழையபடி சத்தம் போட ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

நடுநடுவே என் வீட்டுக்காரர் சம்பந்திக்குப் பாடம் எடுத்தார். பந்தபாசம் என்பது கொடிக்கும் உண்டாம். யாரும் சொல்லித்தராமலே அது தானாகச் சுவர் ஏறி அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கிறதாம்.

சம்பந்தி பயபக்தியோடு தலையாட்டினார்.

நான் தட்டுகளைக் கழுவுகிற சாக்கில் பின்பக்கம் போனேன். கொடியைச் சுவர் ஏறும்படி இழுத்துக் கட்டியிருந்த என் பழைய புடவைக் கிழிசலை இலைகளுக்கு அடியிலிருந்து அவிழ்த்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

கொடி இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் ஓரகத்தி தன்னுடைய முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.